விலைப்பலகை இல்லாத தளங்கள்

நோட்டன் பிரிட்ஜில் எங்கள் வீட்டுக்கும் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும் அதிக தூரமில்லை. 2022இல் நாடு 13 மணி நேர மின்வெட்டில் கிடந்தபோது நாங்களும் குப்பிவிளக்கோடுதான் இருந்தோம். என் தொழிலுக்கு அது நல்ல வருஷம் என்று சொல்ல வாய் கூசுகிறது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. இணையத்தளத்தின் பெயருக்கும் அது தங்கும் இடத்துக்கும் பெரும்பாலும் டொலரில்தான் காசு கட்ட வேண்டும். பலர் கட்டாமல் விட்டுவிட்டார்கள்.

அப்படி விடப்பட்ட தளங்களைத் தேடி, உடையவரைப் பிடித்து, விலை பேசி வாங்கிச் சீர்செய்வது என் பிழைப்பு. பிளிப்பா போன்ற சந்தைகளில் ஏலத்துக்கு வருவதை நான் தொடுவதில்லை. பலகை போட்டு விற்கிறவருக்குத் தன் சரக்கின் விலை தெரியும். மாத லாபத்தை 24ஆல், 30ஆல் பெருக்கிக் கேட்பார், வாங்கவும் பத்துப் பேர் நிற்பார்கள். விற்கலாம் என்ற நினைப்பே வராத ஆள்தான் எனக்கு வேண்டும்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினவர். வெட்டுக்கு முன்னால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா நாலைந்து செடியின் வேரை நறுக்கி அயடின் தடவிப் பார்ப்பார் என்று சொல்லுவார். கருநீலமாகத் திரும்பினால் வேரில் மாச்சத்து இருக்கிறது, கத்தியை வைக்கலாம். நிறம் ஏறாவிட்டால் அந்த மலையை ஓயவிட வேண்டும். மேலே இலை பச்சையா பழுப்பா என்று யாரும் பார்ப்பதில்லை.

தளத்திலும் நான் இலையைப் பார்ப்பதில்லை. அடியில் 2014 என்று நிற்கிற வருஷம், காலாவதியான பூட்டுக்குறி, அனுப்பினால் எங்கும் போய்ச் சேராத தொடர்புப் படிவம், எல்லாம் இலைதான். பதிலே வராத இடத்தில் போன மாதத் திகதியிட்டு யாராவது "இது இன்னும் கிடைக்குமா?" என்று எழுதியிருந்தால் அது வேர். அடுத்து இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய பிரதிகளை வரிசையாகத் திறப்பேன். மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றிருந்தால் ஆள் சலித்துப்போயிருக்கிறார், சரக்கும் சலித்திருக்கும். வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தியிருந்தால் குடும்பத்தில் ஏதோ நடந்திருக்கிறது. நான் வாங்கியவை அநேகமாக இந்த இரண்டாவது வகை.

தேடுவதில் ஒரு ரகசியம் உண்டு, சொல்லிவிடுகிறேன். யுனிகோட் பரவுவதற்கு முன் நம் நாட்டுத் தமிழ்த் தளங்களில் நிறைய பாமினி எழுத்துருவில் வந்தவை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் கோழி கிளறின மாதிரி ஆங்கில எழுத்துகள் தெரியும். கூகுளுக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆகவே தமிழில் தேடுகிறவருக்கு இவை அகப்படா. 'வினாத்தாள்' என்ற சொல்லைப் பாமினியில் அடிக்க எந்தெந்த விசையைத் தட்டுவோமோ, அந்த ஆங்கில எழுத்துகளையே தேடுபெட்டியில் போடுவேன். இருபது வருஷத்துப் பக்கங்கள் எழும்பி வரும்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள் அடுக்கிய ஒரு தளம் அப்படித்தான் கிடைத்தது. தலைப்பெல்லாம் கிளறல். பிடிஎஃப் கோப்புகள் மட்டும் ஒழுங்காகத் திறந்தன. விருந்தினர் ஏட்டில் தாய்மார் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி விடைத்தாள் கேட்டிருந்தார்கள். உடையவர் பெயரோ எங்கும் இல்லை. பெயர்ப்பதிவு விபரங்களைப் பார்க்கும் ஹூஇஸ் தேடலும் 2018க்குப் பிறகு அநேகமாக மறைத்துவிடுகிறது. பிடிஎஃப்பின் பண்புகளைத் திறந்தால் 'ஆக்கியவர்' என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. மூன்று பழைய மாணவர்களைக் கேட்டு ரொறன்ரோ இலக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இளைப்பாறிய யாழ்ப்பாணத்து வாத்தியார்.

முதல் பேச்சில் விலை எடுக்கவே கூடாது. ஒரு தாளில் பதினேழாம் கேள்வியின் விடை பிழை என்றேன்.

"ஆர் தம்பி கதைக்கிறது? அது செத்துப்போச்செண்டெல்லோ நினைச்சன்."

"இல்ல சேர், போன கிழமைகூட பதுளையிலயிருந்து ஒரு அம்மா விடை கேட்டிருக்காங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பதினேழோ? பொறும், கண்ணாடியை எடுக்கிறன்" என்றார். விலைக்கு வர ஐந்து வாரம் ஆனது.

விலைக்கு ஒரு அளவுகோல் கிடையாது. யாகூ 2005இல் வாங்கிய டெலிசியஸ் என்ற புத்தகக்குறித் தளம் பல கை மாறி, 2017இல் பின்போர்டு நடத்துகிற மாட்செய் செக்லொவ்ஸ்கியிடம் 35,000 டொலருக்கு வந்தது. தமிழிலும் கைமாற்றம் புதிதில்லை. காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் வலைப்பதிவுத் திரட்டி பிற்பாடு டி.எம்.ஐ. நிர்வாகத்துக்குப் போனது. வாத்தியாருக்கு வருமானமே இல்லை, எதைப் பெருக்குவது? மூன்று வருஷம் அவர் கைக்காசு போட்டுக் கட்டியதைக் கூட்டி அதற்கு மேல் ஒரு தொகை வைத்தோம்.

சூடு பட்ட கதையும் உண்டு. ஒரு சமையல் தளத்துக்கு அதை உடைய அம்மாவிடம் முழுக் காசும் கொடுத்துவிட்டேன். பெயரை மாற்றப் போனபோது அது அவர் பெயரிலேயே இல்லை. தளம் செய்து கொடுத்த பையன் தன் பெயரில் பதிந்து வைத்து, துபாய்க்குப் போய்விட்டான். அந்த அம்மாவுக்கே அது புதினம். காசில் பாதிதான் திரும்பியது. இப்போது பதிவுக் கணக்கைத் திறந்து திரையில் காட்டச் சொல்லி, பிறகுதான் பணப்பேச்சு. கூகுள் விளம்பரக் கணக்கு கைமாறாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

உடையவரோடு பேசாமல் பெயர் காலாவதியாகட்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. டொட் கொம் பெயர் பதிவாளரின் சலுகைக் காலம் முடிந்து, மீட்புக்கு 30 நாள், அழிப்புக்கு 5 நாள் கழித்துப் பொதுவுக்கு வரும். ஒருமுறை நானும் அப்படிப் பிடித்தேன். பெயர் வந்தது, உள்ளே ஒரு வரி இல்லை. ஆள் போன லயத்துக் காம்பராவின் சாவி மாதிரி.

தளத்தின் பெயரை விடுவிக்கும் இரகசியக் குறியீட்டை வாத்தியார் தொலைபேசியில் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். தாளெல்லாம் யுனிகோடுக்கு மாறியாயிற்று, பதினேழாம் கேள்வியும் திருந்திற்று. அவர் கேட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு தாளின் அடியிலும் தன் பெயர் இருக்க வேண்டும். இப்போது மாதமொரு முறை ரொறன்ரோவிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. கோடு போட்ட கொப்பியில் பேனையால் எழுதின புதுத் தாள். இந்த மாதத்து நாற்பது கேள்வியில் இருபத்தாறு தட்டச்சாகிவிட்டது.