முந்நூறு மெகாஹெர்ட்ஸும் தாத்தா குரலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த மேட்டர் இது. போன வாரம் ஊருக்குப் போனப்போ சித்தப்பா பையன் கிளறி விட்டுட்டான். அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

ஊருன்னா ஆரம்பாக்கம். சென்ட்ரல்லேர்ந்து சூலூர்பேட்டை போற லோக்கல்ல ஏறினா, ஆந்திரா பார்டருக்குக் கொஞ்சம் முன்னாடி வரும். ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதையொட்டி மீனவக் குப்பங்கள். சித்தப்பாவுக்கு அங்கதான் தொழில். இந்த வருஷம் இறால் காசுல கொஞ்சம் ஒதுக்கி வெச்சு, "தம்பிக்கு ஒரு கம்ப்யூட்டர் பார்த்து வாங்கிக் குடுடா"ன்னு என் கையில கொடுத்துட்டார்.

பையனுக்கோ கண்ணு பூரா கேம்ஸ் மேல. "அண்ணா, சீப்பான பிராசஸர் வாங்கி ஓவர்க்ளாக் பண்ணா காஸ்ட்லி பிராசஸர் மாதிரி ஓடுமாமே?"ன்னான். எனக்குப் பகீர்னுச்சு. 2018ல இதே டயலாக்கை நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அவன் சொன்னது ஒரு காலத்துல நிஜம். 1998ல வந்த இன்டெல் செலரான் 300ஏ இருக்கே, அதோட பஸ் வேகத்தை 66லேர்ந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாத்தினா போதும், 300ல ஓடினது 450ல ஓடும். அம்பது பர்சென்ட் ஓசி! 2003ல ஏஎம்டியோட அத்லான் எக்ஸ்பி 2500+ஐ அதே மாதிரி 3200+ வேகத்துக்குக் கொண்டு போனாங்க. விலை கம்மின்னாலும் உள்ளே இருந்த சிலிக்கான் நல்ல சரக்கு, அதான் சூட்சுமம். 2011ல இன்டெல் இந்த வழியைக் கிட்டத்தட்ட அடைச்சிடுச்சு. பேருக்குப் பின்னாடி 'கே' போட்ட விலை கூடின மாடலுக்குத்தான் அனுமதி. ஏஎம்டி 2017ல ரைசன் கொண்டு வந்தப்போ சின்ன மாடல்லயும் பூட்டுப் போடல. நம்மள மாதிரி பசங்களுக்கு அதான் வாழ்வு.

அப்ப நான் இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கி ரைசன் 3 2200ஜி வாங்கினேன். நாலு கோர், தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. காசு பத்தாததால எட்டு ஜிபி ராம் ஒண்ணே ஒண்ணு. எஸ்எம்பிஎஸ், கேபினட்டோட இலவசமா வந்தது (சிரிக்காதீங்க).

பயாஸ்ல புகுந்து விளையாடினேன். 3.6ல ஓடிக்கிட்டிருந்ததை 3.9 கிகாஹெர்ட்ஸாக்கினேன். அதுக்கு வோல்டேஜை 1.25லேர்ந்து 1.4க்கு ஏத்த வேண்டி வந்தது. கணக்கு போட்டுப் பாருங்க. வேகம் கூடினது 8 பர்சென்ட். ஆனா பிராசஸர் தின்ற பவர், வேகத்தோட வோல்டேஜின் வர்க்கத்தையும் பெருக்கின கணக்குல ஏறும். அது 36 பர்சென்ட். அவ்வளவும் சூடு.

வெளிநாட்டுக்காரன் ரிவ்யூ எழுதுற ரூம் 20 டிகிரி. நம்ம வீடு மே மாசத்துல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 40 டிகிரி. ஃபேன் எவ்வளவு சுத்தினாலும் ரூம் காத்தைத்தான் அடிக்கும். அங்க 70 காட்டுற பிராசஸர் இங்க 90 காட்டும். உப்புக்காத்து வேற.

அதோட விட்டேனா? 2400 ராமை 3200க்கு ஏத்தினேன். கம்ப்யூட்டர் ஆன் ஆச்சு, கேம் ஓடிச்சு, ஆஹா ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன்.

அந்த வாரம்தான் தாத்தாவைப் பேச வெச்சு போன்ல வீடியோ எடுத்திருந்தேன். ஏரியில பாடு முறை எப்படி நடக்கும், எந்த இடத்துல யார் முறை, எந்தக் காத்துக்கு எந்த வலைன்னு முக்கால் மணி நேரம் பேசினார். அதைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணிட்டு, இடம் வேணும்னு மெமரி கார்டை ஃபார்மட் பண்ணிட்டேன்.

2019ல தாத்தா போயிட்டார். காரியம் முடிஞ்சு வீடியோவைத் திறந்தா திறக்கல. அந்தச் சமயத்துல காப்பி பண்ண வேற சில ஃபைலும் அப்படித்தான். ராம் டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன், சிவப்பு சிவப்பா எரர். ராமை 2400க்கு இறக்கினதும் ஒரு எரர் கூட இல்ல.

ஓவர்க்ளாக் பண்ணா புகை வரும், எரியும்னு பயமுறுத்துவாங்க. அப்படி எரிஞ்சா கூட பரவால்ல, தெரிஞ்சிடும். சத்தமே இல்லாம ஒரு பிட்டு மாறி எழுதினா நமக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் 8 பர்சென்ட்டுக்காக.

இதெல்லாம் சொன்னதும் பையன் அமைதியாயிட்டான். அவனுக்கும் அவர் தாத்தாதானே.

கடைசியா வாங்கினது: ரைசன் 5 5600ஜி, ஆறு கோர். எட்டு ஜிபி ராம் ரெண்டு. ஒண்ணுக்கு ரெண்டா போட்டா மெமரி போற பாதை ரெண்டு மடங்கு, 3200 ராம்ல 25.6லேர்ந்து 51.2 ஜிபி ஒரு செகண்டுக்கு. பிராசஸருக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்கிற மாடலுக்கு இது தர்ற வேகத்தை எந்த ஓவர்க்ளாக்கும் தராது. அப்புறம் நல்ல எஸ்எம்பிஎஸ், ஒரு யுபிஎஸ். பின்னாடி காசு சேர்ந்தா கார்டு போட்டுக்கலாம். ராமை அதுக்குன்னு போட்டிருக்கிற வேகத்துல வெச்சு ராத்திரி பூரா டெஸ்ட் ஓட்டினேன். எரர் இல்ல.

காலையில டீ குடிக்கும்போது பையன், "தாத்தா அப்படி என்னதான்ணா சொன்னாரு?"ன்னான். எனக்குப் பாதிதான் ஞாபகம் இருந்துச்சு. வலையைப் பிரிச்சிக்கிட்டிருந்த சித்தப்பா, "அது அப்படி இல்லடா"ன்னு ஆரம்பிச்சார். பையன் சத்தமில்லாம போனை எடுத்து ரெக்கார்டு போட்டான். குரல் கூட கொஞ்சம் தாத்தா மாதிரியேதான் இருந்துச்சு.

இந்த தடவை மூணு எடத்துல காப்பி இருக்கு. மூணையும் கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் ரயில் ஏறினேன்.

டிஸ்கி: ஓவர்க்ளாக் பண்ணவே கூடாதுன்னு சொல்லல சாமி. பண்றதுக்கு முன்னாடி வீட்டு போட்டோ, வீடியோ எல்லாத்தையும் வேற எங்கயாவது பத்திரமா எடுத்து வெச்சுடுங்க. அம்புட்டுதான்.