பொன்முடி முதல் முதலப்பொழி வரை: ஆற்று நீரில் உலோகத்தை அளக்கும் வழி

கேரளத்தின் பொன்முடி மலைச்சரிவின் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் கல்லாறு, கீழே வாமனபுரம் ஆறாகிறது. செம்முஞ்சி மொட்டை என்னும் மலையில் தொடங்கி அஞ்சுதெங்குக் காயலில் கலக்கும் இந்த ஆற்றின் நீளம் 88 கிலோமீட்டர். நீர்ப்பிடிப்புப் பரப்பு 687 சதுர கிலோமீட்டர். குறைந்த தூரத்தில் நிறைய உயரம் இறங்குவதால், மலையில் பெருமழை பெய்த அன்றே கல்லாற்றில் வெள்ளம் பாய்ந்து வடிந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை ஒரு பாட்டில் நீரை எடுத்துச் சோதித்தால், அந்த ஒரு நொடியின் கணக்குதான் கிடைக்கும். ஈயம், காட்மியம், செம்பு, நிக்கல் போன்ற உலோகங்கள் நீரில் மிக நுண்ணிய அளவில் வந்து போகின்றன. அவற்றைப் பிடிக்க, நாள்கணக்கில் ஆற்றுக்குள்ளேயே தங்கும் கருவி வேண்டும். பம்ப்பும் மின்சாரமும் இல்லாமல் உலோகத்தைத் தானாகச் சேர்க்கும் இந்த முறைக்குச் செயலற்ற மாதிரியெடுப்பு என்று பெயர்.

இவ்வகையில் பரவலாகப் பயன்படுவது டிஜிடி. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டேவிசனும் ஹாவ் ஜாங்கும் 1994-இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டனர். கருவி உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் வில்லை. அதன் முகப்பில் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள திறப்பு; அதற்குள் 0.45 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட வடிதாள், அடுத்து 0.8 மில்லிமீட்டர் தடிமனான ஜெல். அதற்கும் பின்னால் செலெக்ஸ் என்னும் பிசின் கலந்த மற்றொரு ஜெல். நீரில் கரைந்த உலோகம் முதல் ஜெல் வழியே ஊடுருவிப் பிசினில் ஒட்டிக்கொள்கிறது. ஊடுருவும் வேகம் முன்பே தெரிந்தது என்பதால், பிசினில் சேர்ந்த நிறை, நாள், ஜெல்லின் தடிமன், திறப்பின் பரப்பு ஆகியவற்றைக் கொண்டு ஆற்றின் சராசரிச் செறிவைக் கணக்கிடலாம்.

உதாரணமாக, 25 பாகை செல்சியசில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் காட்மியம் உள்ள நீரில் 14 நாள் வைத்தால், சுமார் 25 நானோகிராம் சேரும். அதை 1 மில்லிலிட்டர் நைட்ரிக் அமிலத்தில் கரைத்தெடுக்கும்போது செறிவு ஆற்று நீரில் இருப்பதைப்போல் நூறு மடங்குக்கும் மேலாகும். பாட்டில் நீரில் ஆய்வகக் கருவிக்கு எட்டாத அளவும் இப்போது எட்டும்.

மலைப்பகுதியில் இரண்டு கவனங்கள் தேவை. ஊடுருவும் வேகம் ஒரு பாகை வெப்பத்துக்குச் சுமார் 2 முதல் 3 விழுக்காடு கூடும். பொன்முடியின் குளிர்ந்த ஓடைக்கும் கடலோரத்துக்கும் ஒரே எண்ணைப் போட முடியாது. எனவே வில்லைக்கு அருகிலேயே வெப்பநிலைப் பதிவுக் கருவியும் வேண்டும். மேலும், கெட்டிப்பாறை மேல் ஓடும் ஓடைகளில் கரைந்த உப்பு மிகக் குறைவு. அத்தகைய மென்னீரில் ஜெல்லின் எச்சங்கள் அளவைக் கோணலாக்கும் என்பதால், ஜெல்லைப் பலமுறை கழுவியே பொருத்த வேண்டும்.

விதுரா, பாலோடு தாண்டி வாமனபுரத்தை அடையும் ஆறு, செம்பூராங்கல் நிலத்தின் ஊடே செல்கிறது. மழைக்காலத்தில் நீர் சிவந்து வரும். அப்போது உலோகத்தின் பெரும்பகுதி வண்டலில் ஒட்டியே பயணிக்கும். வடிதாள் வண்டலை உள்ளே விடாது. ஆகவே வெள்ள நாட்களில் வண்டல் மாதிரியைத் தனியாக எடுக்க வேண்டும்.

ஆற்றிங்கலை நெருங்கும்போது ஓட்டம் தளர்கிறது. மணல் அள்ளியதால் உண்டான ஆழக்குழிகளில் நீர் ஏறக்குறைய தேங்கியே நிற்கும். அங்கே வில்லையின் முகத்தில் அசையாத நீர்ப்படலம் தடித்து, உலோகம் கடக்கும் பாதை நீள்கிறது. கணக்கு குறைவாக வரும். வெவ்வேறு தடிமன் கொண்ட ஜெல்களை ஒரே இடத்தில் வைத்தால் படலத்தின் தடிமனைக் கணக்கிட்டுத் திருத்தலாம். வாரங்கள் கடந்தால் முகத்தில் பாசி படரும். கலங்கிய, வெதுவெதுப்பான நீரில் ஒரு வாரமே பாதுகாப்பான கெடு.

காயலில் தேங்காய் மட்டை ஊறவைக்கும் இடங்களில் நீர் கறுத்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு நாற்றம் வீசும். சல்ஃபைடோடு சேர்ந்த செம்பு, ஈயம், காட்மியம் எளிதில் கரையாமல் சேற்றில் படியும். நீரில் தொங்கும் வில்லை குறைவாகக் காட்டினாலும் சேறு சுத்தமானதாகிவிடாது. அங்கே சேற்றுக்குள் செருகும் தட்டையான டிஜிடி பட்டை வேண்டும். 1976-இல் ஹெஸ்லைன் விளக்கிய ‘பீப்பர்’ என்னும் சிற்றறைப் பெட்டியும் சேற்றின் இடைநீரைச் சேகரிக்கும். உப்பு நீரிலும் செலெக்ஸ் செயல்படும் என்பதால், முதலப்பொழியில் கடலைத் தொடும் வரை ஒரே வகை வில்லை போதும். பாதரசத்துக்கு மட்டும் கந்தகத் தொகுதி கொண்ட பிசினும் அகரோஸ் ஜெல்லும், ஆர்சனிக்குக்கு டைட்டானியம் டையாக்சைடும் தேவை.

எடுக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். ஓரிடத்தில் குறைந்தது மூன்று வில்லைகள். ஆற்றில் வைக்காமல் கொண்டுபோய்த் திரும்பும் வெற்று வில்லை ஒன்று. எடுத்தவுடன் உலோகமற்ற நீரில் அலசி, சுத்தமான பையில் ஈரத்தோடு மூடிக் குளிரில் வைத்தல். இரும்புக் கம்பியோ துத்தநாகம் பூசிய சங்கிலியோ அருகில் இருந்தால் அளவே கெட்டுப்போகும். நைலான் கயிறே சரி.

டிஜிடி காட்டுவது உயிரினங்கள் எளிதில் எடுத்துக்கொள்ளக்கூடிய, கரைந்து பிரியும் பகுதியை. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் நீரிலுள்ள மொத்த அளவைக் கேட்கிறது. ஈயத்துக்கு அதன் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆற்றிங்கல் பகுதியின் குடிநீர் இந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுவதால், தரத்துக்குப் பாட்டில் மாதிரியும், ஆற்றின் நடப்பை அறிய வில்லையும், சேற்றுக்குப் பட்டையும் சேர்ந்தே கண்காணிப்பாகும்.