பரணில் இருக்கும் துப்பாக்கியை விற்பதற்கு முன்

 

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிந்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆன்லைனில் போட்டால் நல்ல விலை போகுமாமே, போடலாமா?" ஒருவர் படமே எடுத்து அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருந்து, அதை விற்றும் ஆகிவிட்டது என்பது ஊரில் பலருக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் தாத்தாவுக்கு மலையடிவாரத்தில் வேர்க்கடலை நிலம் இருந்தது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக அவர் வாங்கியது ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. அதன் லைசென்ஸ் புத்தகத்தை நான் வகுப்பில் பாடம் நடத்தவே கொண்டுபோயிருக்கலாம். முதல் முத்திரை 1954-இல் சித்தூர் கலெக்டர் ஆபீஸில் குத்தியது. ஏனென்றால் அப்போது திருத்தணி ஆந்திராவில் இருந்தது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-இல்தான் நாம் சென்னை மாநிலத்துக்கு வந்தோம். அதன்பின் வந்த முத்திரைகள் செங்கல்பட்டு. 1997-இல் மாவட்டம் பிரிந்த பிறகு திருவள்ளூர். தாத்தா, அப்பா, என் அண்ணன் என்று மூன்று பேர் கையெழுத்து. துப்பாக்கி எங்கள் வீட்டு மூலையை விட்டு நகரவில்லை, ஆனால் இரண்டு மாநிலம், மூன்று மாவட்டத்தில் இருந்திருக்கிறது!

அண்ணன் காலமானபோது துப்பாக்கி அவர் பெயரில் இருந்தது. பலருக்குத் தெரியாத முதல் விஷயம் இங்கேதான் வருகிறது. லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்குக் கொடுப்பதல்ல. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமை மனைவிக்கோ பிள்ளைக்கோ தானாக வந்துவிடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, தாமதமில்லாமல் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். காரியம் முடிந்த வாரமே ஸ்டேஷனில் ஒப்படைத்து, துப்பாக்கி எண், மீதமிருந்த தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதி ரசீது வாங்கினோம்.

"ஸ்டேஷனில் கொடுத்தால் போச்சு, திரும்ப வராது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பயத்தில்தான் பலர் பரணிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே 21-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஒப்படைத்த பொருளை வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம். வேண்டாமென்றால் உரிமையுள்ள ஒருவருக்கு விற்று, அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். குறித்த காலத்துக்குள் இரண்டில் எதையும் செய்யாமல் விட்டால்தான் அது அரசாங்கத்துக்குப் போகும். ஆக, ஒப்படைப்பதால் பொருள் போய்விடாது. ஒப்படைத்துவிட்டு மறந்தால்தான் போகும்.

அண்ணனின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் லைசென்ஸ் எடுக்க விருப்பமில்லை. பெரியவன் பெங்களூரில். சின்னவன் இங்கேயே தறி ஓட்டுகிறான். மழையில் தறிக்கொட்டகைக் கூரை பாதி போய், கடன் வாங்கிப் போட்டிருந்த நேரம் அது. அண்ணிக்கு அந்தப் பணம் நிஜமாகவே தேவைப்பட்டது. அதனால் விற்பது என்று முடிவானது.

சின்னவன் உறவுக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பழைய படம் ஒன்றைப் போட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அது எங்கெங்கோ சுற்றி, மூன்றாம் நாள் ஒரு போன் வந்தது. தெலுங்கு கலந்த தமிழ். "இது திப்பு சுல்தான் காலத்துப் பொருள் சார். ஒன்றரை லட்சம் தருகிறேன். பேப்பர் எல்லாம் எனக்கு வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து உங்கள் பெயரில் எடுத்துவிட்டு, பார்சலில் போட்டுவிடுங்கள்."

திப்பு பெயரை ஏன் இழுக்கிறார்கள் என்பது தெரிந்ததுதான். 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் ஒன்று ஏறக்குறைய 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து துருப்பிடித்த இரும்பெல்லாம் திப்புவுடையதாகிவிட்டது. எங்கள் துப்பாக்கியின் குழலில் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று மூன்று எழுத்து, அதன்மேல் சிறு கிரீடம் இருந்தது. அது பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரத்தின் சோதனை முத்திரை. மேலே கிரீடம் சேர்ந்தது 1893-இல். திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தது 1799. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், சமூக அறிவியலில் எல்லோரையும் பாஸ் போட்டிருக்கிறேன்!

அந்த ஆளிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "உங்கள் லைசென்ஸ் நகலை அனுப்புங்கள்." போன் கட்டாகிவிட்டது. மறுநாள் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டு, முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை. போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். இதைப் பிள்ளைகளே, உங்கள் பெற்றோருக்குச் சொல்லி வையுங்கள்.

சின்னவனுக்கு மனசு கேட்கவில்லை. "ஒன்றரை லட்சம் சித்தப்பா. கூரை முழுக்கப் போட்டுடலாம். அவங்க பேப்பர் கேக்கலைன்னா நமக்கு இன்னா?" என்றான். நான் சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி பேசினார்.

"அந்தத் துப்பாக்கி எங்கேயோ போயி, எவனோ எவனையோ சுட்டா, அதுல இருக்கிற நம்பரு யார் பேர்லடா இருக்கு? உங்க அப்பா பேர்ல. செத்தவரை ஸ்டேஷனுக்கு இழுக்கணுமா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சட்டம் என்ன சொல்லும் என்பதையும் எழுதிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கி விற்றால் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரையும் போகலாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை. ஒன்றரை லட்சத்துக்கு இதெல்லாம் தேவையா?

நாங்கள் செய்த வழி இது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஸ்டேஷன் ரசீது, பழைய லைசென்ஸ் புத்தகம், இவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பிறகு லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினோம். எங்கள் வரையில் ஆன்லைன் என்பது அவ்வளவுதான். பொருளைக் காட்டவும் ஆளைத் தேடவும் போன் உதவும். கைமாறுவது காகிதத்தோடு, நேரில்தான். இந்த முகநூலே தனியார் துப்பாக்கி விற்பனையை 2016 முதல் அனுமதிப்பதில்லை.

கடைக்காரர் மூலம் ஒருவர் கேட்டு வந்தார். லைசென்ஸ் உண்டு, தோட்டம் உண்டு, அவருக்கும் பன்றித் தொல்லை. நாற்பதாயிரம் வரை தருவதாகச் சொன்னார். ஆனால் கடையிலிருந்த மிஸ்திரி ஸ்டேஷனில் வந்து பார்த்துவிட்டு எங்களிடம் இரண்டு குறைகளைச் சொல்லியிருந்தார். ஒன்று, குழல் டமாஸ்கஸ் வகை. இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கி அடித்துச் செய்தது. பார்க்க ஓடும் தண்ணீர் மாதிரி கோடு கோடாக அழகாக இருக்கும். ஆனால் அது கருமருந்துக் காலத்துக்கானது. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்கும் என்று நம்பக்கூடாது. இரண்டு, வலது குழலுக்குள் துரு தின்ற குழிகள். கையில் பிடித்திருக்கும்போதே வெடித்துவிடக்கூடும்.

வாங்க வந்தவர் அதையெல்லாம் கேட்கவில்லை. "வெளியில பளபளன்னு இருக்கு, கேட்டா சொல்லிக்கலாமே" என்றான் சின்னவன். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய விஷயம் என்று ஒன்று உண்டு. ஓட்டைப் பானையை விற்றால் தண்ணீர் ஒழுகும், அவ்வளவுதான். இதை மறைத்து விற்றால் ஒரு மனிதனின் விரல் போகும், கண் போகும். இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவருக்கு அனுப்பினேன். அவர் நன்றி சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். கடைசியில் கடைக்காரரே பன்னிரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். எண் சரிபார்த்து, ரசீது வாங்கி, லைசென்ஸ் புத்தகத்தை ரத்துக்குக் கொடுத்து முடிக்க, அண்ணன் போனதிலிருந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கூரைக்கு மீதிப் பணத்தைப் பெரியவன் மாதாமாதம் அனுப்பினான்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

"நூறு வருஷப் பழசு சார், அதுக்குமா லைசென்ஸ்?" பழசு என்பதால் மட்டும் விலக்குக் கிடையாது. 45-ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாததாக இருக்க வேண்டும். அதை முடிவுசெய்வது நீங்களோ நானோ யூடியூபோ அல்ல. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் "இங்கே 1898 வரை செய்ததெல்லாம் ஆன்டிக்" என்கிறார்கள். அது அந்த நாட்டுச் சட்டம். "கூர்க்கில் லைசென்ஸே வேண்டாமே" என்கிறார்கள் சிலர். அந்த விலக்கு குடவர் சமூகத்துக்கும் அங்குள்ள ஜம்மா நிலக்காரர்களுக்கும் உரியது, 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நமக்கு அது பொருந்தாது.

"வெளிநாட்டுக்காரர் கேட்கிறார், அனுப்பலாமா?" கூடாது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

"எனக்குத் தெரிந்தவருக்கே நேரடியாக விற்கலாமா?" உங்கள் லைசென்ஸில் உள்ளதை, லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். அவருடைய லைசென்ஸில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

"லைசென்ஸே இல்லை சார், பரணில் கிடந்தது." முதலில் அதைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், உள்ளே மருந்து இருக்கிறதா என்று சோதிக்காதீர்கள். மருந்து கெட்டித்த நாட்டுத் துப்பாக்கி எத்தனை வருஷம் ஆனாலும் ஆபத்துதான். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு, எங்கே எப்படிக் கிடைத்தது என்று எழுதி, ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உண்மையிலேயே அரிய பொருள் என்று தோன்றினால் அந்த மனுவிலேயே அதையும் குறிப்பிடுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுப் பொருளும் அப்படி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் பெருமைதானே.

கடைசியாக ஒன்று. துப்பாக்கியின் எண், லைசென்ஸ் எண், வீட்டு அடையாளம் தெரிகிற படங்களைப் பொதுவில் போடாதீர்கள். இந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று திருடனுக்கு நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். இந்தப் பதிவின் கீழேயும் யாரும் படம் போட வேண்டாம். சந்தேகம் இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் போன் செய்யுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருபவர்கள் அப்படியே நம் ஊருக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள். அண்ணி கையால் காபி உண்டு.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்