அப்பச்சி ஓட்டிய சிட்ரோயன்

எழுபது ஆண்டுக்கு முன் செய்த பிரெஞ்சு மோட்டார் வண்டி ஒன்றை, அதுவும் ஓடாத வண்டியை, படிக்கிற பிள்ளை எதற்காக வாங்கினாய் என்று விடுதியில் நண்பர்கள் கேட்கிறார்கள். "கண்காட்சிக்கா? கல்யாணத்துக்கு வாடகைக்கு விடவா?" என்று கேலியும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்லி அலுத்துவிட்டது. நம் மன்ற மலரில் ஒருமுறை எழுதிவிட்டால் எல்லோருக்கும் சொன்னதாகும் அல்லவா?

என் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டு மாவட்டம், சித்தூர் வட்டம். கிழக்கே கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. வேலந்தாவளம் தாண்டினால் கோவைச் சாலை. வீட்டில் பேசுவது தமிழ், அலுவலகத்துக்கு எழுதுவது மலையாளம். தென்னையும் கள்ளும் எங்கள் ஊரின் அடையாளம். மழை குறைவு என்பதும் ஓர் அடையாளந்தான். கொச்சி அரசரின் நாட்டில் இருந்த எங்கள் சித்தூர், 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் வந்தது. 1956 நவம்பர் 1-இல் கேரளமாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆட்சியின் பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது.

இதே போன்ற கதை புதுவைக்கும் உண்டு. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடி வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர். அவ்வாண்டு நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்டு 16-இல். அந்த மாறுதல் நாட்களில் புதுவையில் கைமாறிய பொருள்களுள் ஒன்று நான் வாங்கிய வண்டி. எங்கள் ஊர்ப் பெருநிலக்காரர் ஒருவர் புதுவையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு வந்தார். வண்டி செய்யப்பட்ட ஆண்டு 1951.

வண்டியின் பெயர் சிட்ரோயன் திராக்ஸியோன் அவான். "முன்னிழுப்பு" என்று தமிழில் சொல்லலாம். அக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றைப் பின் சக்கரங்கள் தள்ளிக்கொண்டு போயின. இதை முன் சக்கரங்கள் இழுத்துக்கொண்டு போகின்றன, காளைகள் வண்டியை இழுப்பதுபோல. 1934-இல் இதை வெளியிட்டவர் ஆந்திரே சிட்ரோயன். முதலில் பற்சக்கரங்கள் செய்து முன்னுக்கு வந்தவர். வண்டியின் முகப்பில் கவிழ்த்த இரண்டு 'வி' எழுத்துக்கள்போல் இருக்கும் சின்னம் அந்தப் பற்சக்கரத்தின் பற்களைக் குறிப்பதே. புதிய வண்டிக்கும் புதிய தொழிற்சாலைக்கும் அவர் செலவிட்ட பணம் அவரையே விழுங்கிவிட்டது. தொழில் மிஷெலின் கைக்குப் போயிற்று. 1935 ஜூலையில் அவர் மறைந்தார். அவர் விட்டுப் போன வண்டியோ 1957 வரை, ஏறத்தாழ ஏழரை இலட்சம் எண்ணிக்கையில் வெளிவந்தது.

இதன் விசித்திரங்கள் பல. அடியில் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். பட்டை வில்லுக்குப் பதில் நீண்ட எஃகுக் கம்பிகள். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அவை முறுக்கிக்கொண்டு வண்டியைத் தாங்கும். கியர்த் தண்டு தரையிலிருந்து எழாமல், ஓட்டுபவரின் எதிரேயுள்ள பலகையிலிருந்து ஊன்றுகோல்போல் நீண்டிருக்கும். முன் கதவுகள் பின்பக்கம் கீல் வைத்தவை. முதன்முதலாகப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். பழகியவருக்கு மரியாதை வரும்.

அப்படிப் பழகியவர் என் அப்பச்சி, அம்மாவைப் பெற்றவர். 1958 முதல் 1978 வரை அந்த நிலக்காரர் வீட்டில் அவரே டிரைவர். இருபதாண்டு அதை ஓட்டினார், துடைத்தார், பழுது பார்த்தார். அவருடைய பிள்ளைகள் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். வண்டிக்குள் ஏறியதில்லை. ஏறக் கூடாது என்பது அந்த வீட்டு ஒழுங்கு. 1976-இல் ஒருநாள் இரவு என் பெரியம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. சிட்ரோயன் கொட்டகையில் நின்றது. சாவி அப்பச்சியின் இடுப்பில் இருந்தது. அவர் மாட்டு வண்டி பூட்டி மகளைச் சித்தூருக்குக் கொண்டுபோனார். குழந்தை தங்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் வந்து காரைத் துடைத்தார். இதை அம்மா என்னிடம் சொன்னது ஒரே ஒருமுறை.

1978-இல் கியர்ப்பெட்டியில் ஒரு பல் உடைந்தது. வண்டி நின்றது, அப்பச்சியின் வேலையும் நின்றது. அதன்பின் தேங்காய்க் களத்துக் கொட்டகையில் மட்டைகளுக்கும் சாக்குகளுக்கும் நடுவே நாற்பது ஆண்டுக்கு மேல் கிடந்தது. இரண்டாண்டுக்கு முன் அந்த வீட்டுப் பேரன் கொட்டகையைப் பிரிக்க எண்ணினார். பழைய இரும்புக்காரர் எடை போட்டு முப்பத்தைந்தாயிரம் தருவதாகச் சொன்னார். செய்தி கேட்டு நான் போய் நின்றேன். "ஓட்டுவதற்கென்றால் ஒரு இலட்சத்து இருபதாயிரம்" என்றார் பேரன். பழம்பொருள் வாங்குவோர் அறிந்தால் இதைவிட அதிகம் கொடுப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். யார் மகளின் மகன் என்பதும் தெரியும்.

என்னிடம் உதவித்தொகையில் சேர்த்தது ஐம்பதாயிரம். மாமா முப்பதாயிரம் தந்தார். மீதி நாற்பதாயிரத்துக்கு வழி ஒன்றுதான்: ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்த அம்மா வைத்திருந்த பணம்.

"வண்டி ஓடுனாத் தண்ணி வருமா கண்ணு?" என்று கேட்டார் அம்மா. என்னிடம் விடை இல்லை. இரண்டு நாள் அதைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே களத்துக்கு நடந்துபோய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். "இரும்புக்குப் போக வேண்டாம். அப்பா கை பட்டது" என்று சொல்லிப் பணத்தை எடுத்து வைத்தார். அந்தக் கோடையில் தென்னங்கன்றுகளுக்கு டிராக்டரில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். பதினொரு கன்றுகள் பட்டுப்போயின. இந்தக் கணக்கையும் சொல்லாமல் வண்டியின் பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

இத்தகைய வண்டி வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி விளிம்புகளை. சட்டம் இல்லாத வண்டிக்கு அவையே முதுகெலும்பு. அங்கே துரு ஏறினால் உடல் நடுவில் தொய்ந்து கதவு பிடிக்கும். எங்கள் வறண்ட காற்று இங்கே உதவி செய்தது. தரைத் தகடு சல்லடையாயிருந்தாலும் விளிம்புகள் கெட்டியாயிருந்தன.

எந்திரத்தைத் திறக்க எழுபத்தாறு வயது மேஸ்திரி ஒருவர் வந்தார். வாழ்நாளெல்லாம் தோட்டங்களில் ஆயில் எஞ்சின் பிரித்தவர். உள்ளே பார்த்ததும், "இது சீமை வித்தை ஒண்ணும் இல்லீங்க தம்பி. லைனரு தனியாக் கழட்டலாம், சுத்தித் தண்ணி ஓடுது. நம்ம ஆயில் எஞ்சின் மாதிரித்தான்" என்றார். உண்மைதான். 1911 கனசெண்டிமீட்டர் கொண்ட அந்த நான்கு சிலிண்டர் எந்திரத்தில் தேய்ந்த லைனரை எடுத்துவிட்டுப் புதியதை இறக்கலாம்; கடைசல் வேலை மிச்சம். தொல்லை தந்தவை பேரிங்குகள். 1955-க்கு முந்திய எந்திரங்களில் அவை வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்தவை. அந்த வேலை தெரிந்தவர் கோவையில் ஒருவர் அகப்பட்டார். கியர்ப் பற்சக்கரம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இவ்வண்டிக்கு உதிரிப் பாகங்களை அங்கே இன்றும் செய்து விற்கிறார்கள்.

முன் சக்கரத்து டிரம் கூம்பு வடிவான அச்சில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதை இழுக்கத் தனிக் கருவி வேண்டும். எங்கே தேடுவது என்று திகைத்தபோது, பின் இருக்கைக்கு அடியில் சாக்கில் சுற்றிய ஓர் இரும்பு கிடைத்தது. வண்டிப் பட்டை இரும்பை வளைத்து, நடுவே திருகு வைத்து, உள்ளூர்க் கொல்லர் அடித்தது. மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரம்மில் மாட்டித் திருகினார். சுத்தியல் தட்டு ஒன்றில் டிரம் கழன்றது. "இதச் செய்யச் சொன்னவருக்கு வண்டி தெரியும்" என்றார்.

நண்பர்களே, அந்தக் கருவிதான் நான் வாங்கிய பொருளின் விலை. சிட்ரோயனின் பெயர் உலகம் அறியும். வண்டியை வகுத்த ஆந்திரே லெஃபேவ்ரும் அதற்கு வடிவம் தந்த பிளமினியோ பெர்டோனியும் நூல்களில் இருக்கிறார்கள். பாரிசுக்குக் கடிதம் எழுதத் தெரியாத, பிரெஞ்சில் ஓர் எழுத்தும் அறியாத ஒருவர், கொழிஞ்சாம்பாறைக் கொல்லர் உலைக்களத்தில் நின்று இந்த வண்டிக்கு மருத்துவம் கண்டுபிடித்தார். அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. தம் மக்களை அதில் ஏற்றவும் அவருக்கு உரிமை இல்லாதிருந்தது.

சென்ற தை மாதம் எந்திரம் ஓடியது. அம்மாவைப் பின் இருக்கையில் உட்காரச் சொன்னோம். அவர் முன் கதவைத் திறந்து, கியர்த் தண்டின் தேய்ந்த குமிழைச் சற்று நேரம் பிடித்திருந்தார், உட்காரவில்லை. பெரியம்மா தான் ஏறி உட்கார்ந்தார். எழுபதை நெருங்கும் அவர், களத்தைச் சுற்றி இரண்டு வட்டம் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியபின், "குலுக்கலே இல்லையே!" என்றார். மாட்டு வண்டியை நினைத்துச் சொன்னார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

இனித் தரைத் தகடும் மின் கம்பிகளும் பாக்கி. பிறகு பதிவு. ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமலிருக்கும் வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் மைய அரசு தனி விதி வகுத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாணிபத்துக்கோ ஓட்டக் கூடாது. ஆகவே கல்யாண வாடகை பற்றிக் கேட்ட நண்பர்கள் மன்னிக்க வேண்டும். கிணறு முந்திக்கொள்ளும், அதை ஆழப்படுத்திய பிறகே இந்தக் கட்டணம்.

உங்கள் ஊர்களிலும் கொட்டகைகள் இருக்கும். அவற்றுள் நெல் அரைத்த எந்திரமோ, அச்சுப்பொறியோ, இசைத்தட்டுப் பெட்டியோ கிடக்கலாம். பொருளின் சொந்தக்காரர் யார் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதை ஓட்டியவர் யார், பழுது பார்த்தவர் யார் என்று விடுமுறையில் போகும்போது கேட்டு, எழுதி வையுங்கள். மேஸ்திரிக்கு எழுபத்தாறு வயது. கேட்கிற காலம் நீண்டதன்று.