23-ம் நம்பர் வீடும் எங்க மாயவரம் வீடும்

சிகாகோவுக்கு வடக்கே ஹைலேண்ட் பார்க்னு ஒரு ஊர். எங்க வீட்டுலேர்ந்து பக்கம்தான். யார் விருந்தாளி வந்தாலும் ஒரு கேட்டுக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்திடுவேன். கேட்ல பெருசா 23-ன்னு போட்டிருக்கும். கூடைப்பந்து மன்னன் மைக்கேல் ஜோர்டன் வீடுங்க அது. பலர் அந்த கேட்டோட போட்டோ எடுத்துக்கிட்டாங்க. உள்ள போகத்தான் ஆளில்லை :-)

56,000 சதுர அடி, ஏழு ஏக்கருக்கு மேல இடம், 9 படுக்கையறை, வீட்டுக்குள்ளயே முழு அளவு கூடைப்பந்து மைதானம், சுருட்டு பிடிக்கத் தனி அறை. 2012-ல 2 கோடியே 90 லட்சம் டாலருக்கு விற்பனைக்கு வந்துச்சு. சீந்துவார் இல்லை. 2013-ல ஏலம் விட்டும் போகலை. அப்புறம் விலையை 1,48,55,000-ன்னு இறக்கினாங்க. அந்த எண்களைக் கூட்டிப் பாருங்க, 23 வரும். மனுஷனுக்கு அதுல ஒரு ஆசை! கடைசியா 2024 டிசம்பர்ல 95 லட்சம் டாலருக்குப் போச்சு. பன்னிரண்டு வருஷம். கேட்ட விலையில மூணுல ஒரு பங்குகூட இல்லை. நடுவுல வருஷா வருஷம் சொத்துவரி வேற, லட்சம் டாலர் அளவுல.

காசுள்ளவன் சிகாகோவுல இல்லாமலா? ஆனா அவன் இன்னொருத்தன் நம்பர் போட்ட கேட்டுக்குள்ள எதுக்கு குடிபோவான்? தனக்குன்னு அளவெடுத்துத் தைச்ச சட்டை அடுத்தவனுக்குப் பத்தாது இல்லையா?

இந்த விற்பனைச் செய்தியைப் படிச்சப்ப சிரிச்சேன். தங்கமணி சிரிக்கலை. "மாயவரம் வீட்டுக்கு மட்டும் என்ன வாழுதாம்?"னு ஒரே கேள்வி.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி. அப்பா 1994-ல கட்டின வீடு. பாட்டிக்கு முட்டிவலின்னு மாடிப்படி எல்லாம் அரை உயரம். நடுவுல முத்தம். கொல்லையில கிணறு. வாசக்கதவு மட்டும் புதுசில்லை, கிராமத்துல இடிச்ச தாத்தா வீட்டுக் கதவு. அப்பா போனதுக்கப்புறம் அம்மா சென்னையில தம்பிகிட்ட இருக்காங்க. வீடு மூணு வருஷமா பூட்டிக்கிடக்கு. வந்தவங்க எல்லாரும் ஒரே பாட்டுதான்: "மனைக்குத்தான் சார் விலை, கட்டடத்தை இடிக்கணும்." அப்பா போட்ட காசு, அவர் வெயில்ல நின்ன நாள் எல்லாத்தையும் கூட்டி ஒரு விலை மனசுல வச்சிருந்தேன். இறங்க மாட்டேன்னு புரோக்கர்கிட்ட சண்டை வேற. யோசிச்சுப் பார்த்தா நானும் கேட்ல ஒரு 23-ஐ மாட்டிவச்சுக்கிட்டுத்தான் விலை சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்.

அம்மாவுக்கு போன் போட்டேன். மனை விலைக்கே குடுத்துடலாமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டா, "அந்த வீட்டுக்குப் போட்டதைத்தான் அதுல இருந்தே தின்னு தீர்த்துட்டோமேடா, இன்னும் என்ன கணக்கு?"ன்னுட்டாங்க.

போன வாரம் புரோக்கர்கிட்ட சரின்னு சொல்லியாச்சு. ஜோர்டன் தன் வீட்டுல ஒரு பழைய கதவு மாட்டியிருந்தாராம், சிகாகோவுல இருந்த பிளேபாய் மாளிகையோடது. வீடு போனாலும் கதவு நகரும்போல. நானும் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கேன்: வாசக்கதவை மட்டும் கழட்டிக் குடுத்துடணும்.

"அதைக் கொண்டுவந்து இந்த அபார்ட்மெண்ட்ல எங்க மாட்டறதா உத்தேசம்?" - இது தங்கமணி.

யோசிச்சுக்கிட்டே இருக்கேன் மக்களே. உங்களுக்கு ஏதாவது தோணினா சொல்லுங்க.