வால்-ஐ: பிடிக்கலாம்... விடலாமா?

வால்-ஐ என்ற பெயரைக் கேட்டால் நம் காதுக்கு ஏதோ வால் சமாச்சாரம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் விஷயம் முழுக்க கண்ணில். பூனைக்கு இருப்பது போல விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இந்த மீனுக்கும் உண்டு. அதனால் இருட்டில் நன்றாகவே பார்க்கும். 1965 முதல் மின்னசோட்டாவின் மாநில மீன் இதுதான். இங்கே படிக்க வந்தபின் லேப் நண்பர்களோடு சில தடவை படகில் போனதில் எனக்கும் இந்தப் பைத்தியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

கோடையின் கடைசியில் இதைப் பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்த வருஷம் பிறந்த பெர்ச் குஞ்சுகள் ஏரி முழுக்க நிறைந்திருக்கும். வயிறு நிறைந்த மீன் நம் மண்புழுவை ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறது?

அடுத்த சிக்கல் தண்ணீர். ஆழமான ஏரிகளில் மேலே வெதுவெதுப்பான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு, நடுவில் சட்டென்று வெப்பம் குறையும் ஒரு பகுதி. அதற்குத் தெர்மோக்லைன் என்று பெயர். பல ஏரிகளில் ஆகஸ்ட் வாக்கில் அதற்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மேலே சூடு, கீழே மூச்சுமுட்டல். அதனால் பகலில் மீன்கள் அதற்குச் சற்று மேலே, ஏரிக்குள் இருக்கும் மேடுகளின் ஓரத்தில் நிற்கும். மீன் காட்டும் கருவியில் அந்த அடுக்கே மங்கலான கோடு மாதிரி தெரியும்.

ஆக, பகலில் அந்த மேட்டோரங்களில் ஈயக் குண்டு கட்டிய அட்டை அல்லது மண்புழு. மீன் அசட்டை செய்தால் பொய்மீனைக் கட்டிப் படகை வேகமாக ஓட்டி இழுக்க வேண்டும். பசி இல்லாவிட்டாலும் விருட்டென்று ஓடுவதைக் கவ்வும் புத்தி அதற்கு உண்டு! விடியலிலும் அந்தியிலும் பாசிச் செடிகளின் ஓரம். காற்றடித்து அலை எழும்பினால் வெளிச்சம் குறையும், பகலிலும் நல்ல வேட்டை.

இதெல்லாம் தந்திரம். என்னை உறுத்துவது வேறு.

இந்த அளவு மீனைத் திரும்ப விட வேண்டும் என்று பல ஏரிகளில் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் தண்ணீர் சூடாக இருக்கும்போது விடப்பட்ட மீன்களில் அதிகம் செத்துப்போகும். வால்-ஐயின் காற்றுப்பை மூடியது. சுமார் 30 அடிக்குக் கீழிருந்து வேகமாக இழுத்தால் அது ஊதிவிடும். மீனால் திரும்ப மூழ்க முடியாது. நாம் "புண்ணியம்" என்று விடுகிறோம், அது மிதக்கிறது.

மில் லாக்ஸ் ஏரியில், விட்ட பிறகு சாகும் மீன்களையும் மதிப்பிட்டு மாநிலத்தின் பங்கில் கழிக்கிறார்கள். 2015 ஆகஸ்ட் 3 அன்று பங்கு தீர்ந்துபோய் வால்-ஐ பிடிப்பதையே நிறுத்தினார்கள். கரையோரக் கடைக்காரர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட அடி என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் ரெட் லேக். அளவுமீறிப் பிடித்ததில் மீன்வளம் சரிந்து, ஓஜிப்வே மக்களும் மாநிலமும் சேர்ந்து பிடிப்பதை நிறுத்தி, குஞ்சுகளை விட்டுக் காத்திருந்து, 2006இல்தான் மறுபடி திறந்தார்கள். பொறுத்தால் மீன் திரும்பும்.

என் கட்சி இதுதான்: ஆகஸ்டில் ஆழத்தில் பிடிக்கிறீர்களா? சட்டம் அனுமதிக்கும் மீன் சாப்பாட்டுக்குக் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டுங்கள். "பிடித்துப் பிடித்து விடுவேன்" என்பதை செப்டம்பர் குளிருக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?