'டக் டக்' டிஸ்க்கும் தாம்பரம் லோக்கலும்!

கம்ப்யூட்டரை ஓவர்க்ளாக் பண்ணி கேம்ஸ்ல பின்னுற ஆசாமியா நீங்க? திடீர்னு ஃபைல் திறக்க மாட்டேங்குதா? நீலத்திரை வந்து பயமுறுத்துதா? 'டிஸ்க் போச்சு'ன்னு ரிச்சி தெருவுக்கு ஓடாதீங்க பாஸ். வாங்க, லோக்கல் ட்ரெயின்ல ஏறி ஸ்டேஷனுக்கு ஒரு வைத்தியமா பார்த்துக்கிட்டே போவோம்.

தாம்பரம்

1931-லேயே கரன்ட் ட்ரெயின் ஓடின ரூட் இது. ஒரு வண்டியை மட்டும் வேகமா விட்டா மொத்த டைம்டேபிளும் குழம்பும் இல்லையா? பழைய மதர்போர்டுகளின் கதையும் அதேதான். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 83-க்கு ஏற்றினா, 33-ல் ஓட வேண்டிய பி.சி.ஐ.யும் 41-ஐத் தாண்டிடும். டிஸ்க்குக்கு எழுதுற டேட்டா தப்புத் தப்பாப் போகும். பழியோ டிஸ்க் மேல! இப்போதைய போர்டுகளில் அந்தத் தொல்லை குறைவு. ஆனா, ரேமைத் தாறுமாறா முடுக்கினா இன்னிக்கும் டேட்டா கெடும்.

அதனால முதல் வேலை, பயாஸுக்குள் போய் எல்லாத்தையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவாங்க. அடுத்து, முக்கியமான ஃபைல்களை வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. அப்புறம்தான் சோதனை. 'டக்... டக்...'னு சத்தம் வந்தா காப்பிகூட வேண்டாம். உடனே ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

குரோம்பேட்டை

அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படிச்ச எம்.ஐ.டி. இங்கேதான். நாமும் கொஞ்சம் இன்ஜினீயர் ஆவோம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேர்ல டிஸ்க்கோட 'ஸ்மார்ட்' ரிப்போர்ட்டைப் பாருங்க. 05, சி5 எண்கள் ஏறிக்கிட்டே போனா தட்டுலேயே கோளாறு. சி7 மட்டும் ஏறினா பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி, மாத்திட்டுப் பாருங்க. மூணும் அசையாம, டீஃபால்ட்டுக்கு வந்ததும் தொல்லையும் நின்னுட்டா, வில்லன் உங்க ஓவர்க்ளாக்! ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டு ரேமையும் ஒரு கை பார்த்துடுங்க.

பல்லாவரம்

1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்த ஊர். கல் லட்சம் வருஷம் தாங்கும். டிஸ்க்? ஒரு லட்சத்துக்கும் மேலான டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஸ்கேன்ல முதல் பிழை தெரிஞ்ச டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாக, பிழையே இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு வாய்ப்பு அதிகமாம். இன்னொரு அதிர்ச்சி... செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல, முக்கியமான நாலு ஸ்மார்ட் எண்களில் ஒண்ணுகூட எச்சரிக்கவே இல்லை! அதாவது, ரிப்போர்ட் மோசம்னா நம்புங்க, நல்லா இருக்குன்னா முழுசா நம்பாதீங்க.

எழும்பூர்

தட்டுல கோளாறுன்னு உறுதியாயிடுச்சா? இப்போ இறங்கி ரிச்சி தெருவுக்கு நடையைக் கட்டுங்க. பில், வாரன்டி ரெண்டும் கேட்டு வாங்குங்க. பழைய டிஸ்க்கை 'ரிப்பேர்' பண்ணித் திரும்ப நம்பறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ரிட்டர்ன்ல முடிச்சூர்

தாம்பரத்துல இறங்கி மேற்கே போனா முடிச்சூர். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டினப்போ, இந்தப் பக்கம் வீடு வீடா அடையாற்று வெள்ளம் புகுந்தது. டிஸ்க்குன்னா இரும்பு டப்பா, தண்ணி போகாதுன்னு நினைப்பீங்க. காற்றுக்காக அதில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, அது வழியா உள்ளே போயிடும். நனைஞ்ச டிஸ்க்குக்கு கரன்ட் கொடுக்காதீங்க, திறந்தும் பார்க்காதீங்க. நேரா ரெக்கவரி ஆட்கள்கிட்ட போங்க.

ஒரிஜினலும் காப்பியும் ஒரே கீழ்வீட்டு அலமாரியில் இருந்தா, ரெண்டும் சேர்ந்துதான் முழுகும். பாட்டியோட கடைசி போட்டோ, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்... இதையெல்லாம் ரிச்சி தெருவில் விலைக்குக் கேட்க முடியாது பாஸ். இன்னொரு காப்பி எடுத்து, மேட்டுப்பக்கம் இருக்கிற மாமா வீட்டுல வெச்சிட்டு வாங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் முடுக்குங்க!